பிளானை மாற்றும் முன் ஒரு லேன் வயரைச் செருகிப் பாருங்கள்

போன மாதம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததுமே புகார். "மாசாமாசம் நூறு எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டுறோம். தம்பி காலேஜுக்கு ஏதோ லினக்ஸ் இறக்குறான், 4 ஜிபியாம், ஒரு மணி நேரமா ஓடிட்டே இருக்கு. பேசாம இருநூறுக்கு மாத்திடட்டுமாடா?"

ரவுட்டர் எங்கே என்று கேட்டேன். ஹாலில் ஸ்டீல் பீரோவுக்கு மேலே, பழைய காலண்டர் சுருள்களுக்கும் கொலுப் பொம்மைப் பெட்டிக்கும் நடுவில் படுத்திருந்தது. தம்பியின் லேப்டாப்போ இரண்டு சுவர் தள்ளி, கடைசி அறையில். இருநூறு என்ன, ஆயிரத்துக்கு மாற்றினாலும் அந்த அறைக்குப் போய்ச் சேருவது அதே அளவுதான்.

நெட் ஸ்லோ என்றதும் பிளானை மாற்றுகிறோம், இல்லையென்றால் புது ரவுட்டர் வாங்குகிறோம். ஆனால் வேகம் எந்த இடத்தில் விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வெளியிலிருந்து வரும் ஃபைபர், அதை வாங்கும் பெட்டி, ரவுட்டர், நடுவிலிருக்கும் காற்று, உங்கள் கருவி, ஃபைலை அனுப்பும் அந்தப் பக்கத்து சர்வர். இந்த வரிசையில் எங்கோ ஓர் இடத்தில்தான் கோளாறு. அதைப் பிடிக்க ஒரு லேன் வயரும் அரை மணி நேரமும் போதும்.

முதல் படி: கணக்கைச் சரியாகப் போடுங்கள்

நிறுவனம் சொல்லும் வேகம் மெகாபிட்டில், அதாவது எம்பிபிஎஸ். டவுன்லோடு ஓடும்போது பிரவுசர் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட்டில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆக, 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 12.5 எம்பி வந்தால் அதுதான் முழு வேகம். "நூறுன்னு சொல்லிட்டுப் பன்னிரண்டுதான் தர்றான்" என்று சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

4 ஜிபி ஃபைல் முழு வேகத்தில் ஐந்தரை நிமிடத்தில் இறங்க வேண்டும். தம்பிக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் வருவது சுமார் 9 எம்பிபிஎஸ். சித்தியின் கோபம் நியாயம்தான்.

இரண்டாம் படி: வயரில் அளந்து பாருங்கள்

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். ரவுட்டரின் பின்பக்கம் லேன் என்று எழுதிய துளையிலிருந்து ஒரு வயரை எடுத்து லேப்டாப்பில் செருகுங்கள். லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிடுங்கள். மறந்தால் எதை அளக்கிறோம் என்றே தெரியாமல் போகும். வீட்டில் மற்றவர்களையும் ஐந்து நிமிடம் போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள் (இதுதான் கஷ்டம்). அப்புறம் ஸ்பீட்டெஸ்ட், ஃபாஸ்ட் டாட் காம் இரண்டிலும் சோதித்துப் பாருங்கள். ஸ்பீட்டெஸ்ட் பக்கத்திலிருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுக்கும், பல நேரம் அது உங்கள் நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும். அதனால் நல்ல எண் வரும். ஃபாஸ்ட் டாட் காம் அளப்பது நெட்ஃபிளிக்ஸ் சர்வர்களிலிருந்து. இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால் அந்த எண்ணை நம்பலாம். காலையில் ஒரு முறை, இரவு ஒன்பது மணிவாக்கில் ஒரு முறை எடுத்துக் குறித்து வையுங்கள்.

வயரில் முழு வேகம் வந்து, வைஃபையில் வரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள். நான்காம் படிக்குப் போங்கள். வயரிலேயே வரவில்லை என்றால் மூன்றாம் படி. சித்தி வீட்டில் வயரில் 96, கடைசி அறை வைஃபையில் 9. பிளானை மாற்றும் பேச்சு அத்தோடு முடிந்தது.

100-க்கு மேற்பட்ட பிளான் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எத்தனை முறை சோதித்தாலும் எண் 93, 94 என்று ஆணி அடித்த மாதிரி நிற்கிறதா? அது நிறுவனத்தின் கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு. நடுவில் ஏதோ ஒரு லேன் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் மாட்டிக்கொண்டிருக்கிறது. தகவலோடு சேர்த்து அனுப்பும் முகவரி போன்ற மேல்செலவு போக, அதில் கைக்கு வருவது 94 தான்.

என் வீட்டில் இதே கதை. 200 எம்பிபிஎஸ் பிளான், எப்போதும் 94. இரண்டு மாதம் போனில் புகார் சொன்னேன். ஆள் வந்து பெட்டியையே மாற்றிக் கொடுத்தார், அப்போதும் 94. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். பால்கனிக் கதவின் கீழ் மூலையில் அது தட்டையாக நசுங்கியிருந்தது. லேன் வயருக்குள் எட்டு கம்பிகள் உண்டு. 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டும் வேண்டும், 100-க்கு நான்கே போதும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் இரண்டு கருவிகளும் பெரும்பாலும் சத்தம் போடாமல் 100-க்கு இறங்கி வேலையைத் தொடர்ந்துவிடும். விளக்கு எரியும், நெட்டும் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. 1000 எம்பிபிஎஸ் தாங்கும் கேட் 5இ ரகத்தில் புது வயர் போட்டதும் 190-ஐத் தாண்டியது. வந்து போன அந்த ஆளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

விண்டோஸில் இதைப் பார்க்க: செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட். அங்கே லிங்க் ஸ்பீடு என்ற இடத்தில் 1000 இருக்க வேண்டும். 100 என்றால் வயரை மாற்றிப் பாருங்கள். அப்போதும் 100 என்றால் ரவுட்டரின் துளையே 100 வரைதான் போகுமோ என்று பெட்டியின் விவரத்தைப் பாருங்கள். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவும் அப்படித்தான். புது ரவுட்டருக்குச் செலவு செய்ய நியாயமான காரணம் இது ஒன்று.

மூன்றாம் படி: வயரிலேயே வேகம் இல்லையென்றால்

ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் வெளிச்சமே வரவில்லை, நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, போன் செய்யுங்கள். பான் (PON) என்ற விளக்கு நிலையாக எரிந்தால் இணைப்பு இருக்கிறது. ஆனால் இருந்தும் பலவீனமாக இருக்கலாம். சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய ஃபைபரைப் பாருங்கள். ஜன்னல் கதவில் நசுங்கியோ, ஆணியில் இறுக்கிச் சுற்றியோ, பெட்டிக்குப் பின்னால் மடங்கியோ இருந்தால் வெளிச்சம் அந்த வளைவிலேயே கசிந்து போகும். தளர்த்தி, பெரிய வளையமாக விடுங்கள். பச்சை முனையைக் கழற்றிச் சட்டையில் துடைக்கும் வேலை மட்டும் வேண்டாம். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பதும் கூடவே கூடாது.

வேகம் மாதக் கடைசியில் மட்டும் விழுகிறதா? பிளானில் 1000 ஜிபி, 3300 ஜிபி என்று ஓர் உச்சவரம்பு இருக்கும். அதைத் தாண்டினால் மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்கிவிடுவார்கள். நிறுவனத்தின் ஆப்பில் இதுவரை எவ்வளவு செலவானது என்று பாருங்கள்.

இரவில் மட்டும் விழுந்தால் நெரிசல். வீடுகளுக்கு ஃபைபர் தரும் வழக்கமான ஜிபான் முறையில் ஒரே ஃபைபர் இழை தெருவில் பிரிந்து 32, 64 வீடுகளுக்குக்கூடப் போகும். அதில் இறங்கும் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2500 எம்பிபிஎஸ், அத்தனை பேருக்கும் பொது. பெரிய ஃபைல் என்றால் விடியற்காலைக்குத் தள்ளிப்போடுங்கள். தினமும் இதே நிலை என்றால் குறித்து வைத்த எண்களோடு புகார் செய்யலாம்.

நான்காம் படி: ரவுட்டரை பீரோ மேலிருந்து இறக்குங்கள்

அலைக்கு இரும்பு ஆகாது. பீரோ, ஃப்ரிட்ஜ், நிலைக்கண்ணாடி எல்லாம் அதைத் திருப்பி அடிக்கும். மீன் தொட்டியும் தண்ணீர் டிரம்மும் விழுங்கும். டிவி ஸ்டாண்டின் மூடிய அலமாரியும் நல்ல இடமில்லை. வீட்டின் நடுப்பகுதி, ஆள் உயரம், நாலு பக்கமும் திறந்த இடம், இதுதான் வேண்டியது. சித்தி வீட்டில் ஹாலுக்கும் அறைகளுக்கும் நடுவேயுள்ள நடையில் ஓர் ஆணி அடித்து மாட்டினோம். ஃபைபர் அவ்வளவு தூரம் வராததால் ஃபைபர் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, அதிலிருந்து ரவுட்டருக்கு லேன் வயரை நீளமாக இழுத்தோம். உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே பெட்டியாக இருந்தால் ஃபைபரை நீட்டித் தர நிறுவனத்து ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

அடுத்து, எந்த வைஃபையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். இரட்டை அலை ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு உண்டு. 2.4 தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் இரைச்சலும் அதிகம், மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலையில்தான் ஓடுகிறது. 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். பெயருக்குப் பின்னால் 5ஜி என்று இருப்பது பெரும்பாலும் இந்த 5 கிகாஹெர்ட்ஸ்தான், செல்போன் 5ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரவுட்டர் இருக்கும் அறையிலும் அடுத்த அறையிலும் 5-ஐப் பிடியுங்கள். தம்பியின் லேப்டாப் 2.4-இல் ஒட்டிக்கொண்டிருந்தது. நடையில் மாட்டிய ரவுட்டரின் 5-க்கு மாற்றியதும் 9 இருந்த இடத்தில் 70 வந்தது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை. பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்தால் பெரும்பாலான ரவுட்டர்களின் உள்பக்கம் திறக்கும், பெயரும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். 2.4-க்கான பகுதியில் சேனலை, அதாவது அந்த அலைக்குள் ரவுட்டர் ஓடும் தடத்தை, 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ். இந்த மூன்று சேனல்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. மூன்றில் எது காலி என்பதை வைஃபை அனலைசர் ஆப் காட்டும். உள்ளே போனது போனீர்கள், வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு என்றைக்கோ சொன்னது நினைவிருக்கும்.

ஐந்தாம் படி: யார் இழுக்கிறார்கள்?

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர். நெட்வொர்க் என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் இழுப்பது மேலே வரும். பல நேரம் அது விண்டோஸ் அப்டேட்டாகவே இருக்கும். போனில் ஓடும் போட்டோ பேக்கப்பையும் பாருங்கள். ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஒவ்வொரு துண்டும் வந்து சேர்ந்ததும் உங்கள் கம்ப்யூட்டர் "வந்துவிட்டது" என்று பதில் அனுப்ப வேண்டும். கல்யாண வீடியோ மேலே ஏறிக்கொண்டிருந்தால் அந்தப் பதில் வரிசையில் காத்திருக்கும், டவுன்லோடும் அதற்காகக் காத்திருக்கும்.

ஆறாம் படி: அந்தப் பக்கம்

ஒரே ஒரு தளத்திலிருந்து மட்டும் மெதுவாக வந்தால் அந்த சர்வர்தான் காரணம். லினக்ஸ் போன்றவற்றுக்கு மிரர் பட்டியல், அதாவது அதே ஃபைலின் நகலை வைத்திருக்கும் வேறு சர்வர்களின் பட்டியல் இருக்கும், இந்தியாவிலுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். டவுன்லோடு மேனேஜர் ஒரே ஃபைலைப் பல இணைப்புகளில் பிரித்து இழுக்கும், சர்வர் ஓர் இணைப்புக்கு இவ்வளவுதான் என்று கட்டுப்படுத்தும்போது அது உதவும். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றினால் வேகம் பறக்கும் என்று வீடியோ போடுபவர்களை நம்பி உட்காராதீர்கள். பக்கம் திறக்கத் தொடங்கும் அந்த ஒரு கணம் கொஞ்சம் குறையலாம். இறங்கிக்கொண்டிருக்கும் ஃபைலின் வேகத்தில் பொதுவாக மாற்றம் இருக்காது.

புகார் செய்வதென்றால்

"ஸ்லோவா இருக்கு" என்று சொன்னால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். அதை முதலிலேயே செய்துவிடுங்கள்: இரண்டு பெட்டியையும் அணைத்து அரை நிமிடம் கழித்து, முதலில் ஃபைபர் பெட்டி, பான் விளக்கு நிலையானதும் ரவுட்டர். அப்புறம் போன் செய்து, "வயரில் போட்டு, வைஃபை அணைத்து, இந்தத் தேதி இத்தனை மணிக்கு இவ்வளவு வந்தது" என்று சொல்லுங்கள். பேசுகிறவரின் குரலே மாறும். புகார் எண்ணை வாங்கி எழுதி வையுங்கள். அந்த எண் இல்லாமல் நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போக முடியாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசும்போதும் அது கையில் இருக்கட்டும்.