சன்னது வாங்கிய பிறகு: சட்டப் பட்டதாரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டப் படிப்பை முடித்தவர்களிடம் “அடுத்து என்ன?” என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, “கோர்ட்டுக்குப் போறேன்.” இன்னொன்று, “கோர்ட் எனக்கு ஒத்துவராது, வேலைக்குப் போயிடுவேன்.” இரண்டிலும் தவறில்லை. ஆனால் இந்தத் துறையின் பல கதவுகள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துத் திறப்பதில்லை. சன்னது, அதாவது வழக்கறிஞராகப் பதிவு செய்த சான்று இருக்கிறதா, அதை வைத்து எத்தனை வருடம் தொழில் செய்தீர்கள் என்றும் கேட்கின்றன. இந்த வருடக் கணக்கைப் பார்க்காமல் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் எடுத்த முடிவுகளை நினைத்துப் பின்னால் கையைப் பிசைபவர்கள் நிறைய.

“கோர்ட்டுக்கே போகப் போறதில்லை, பதிவு எதுக்கு?”

பொதுத்துறை வங்கிகளின் சட்ட அதிகாரி வேலைக்கு ஐ.பி.பி.எஸ். தேர்வு நடத்துகிறது. அதற்குச் சட்டப் பட்டம் மட்டும் போதாது, பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவும் செய்திருக்க வேண்டும். அறிவிக்கை வந்த பிறகு பதிவுக்கு ஓடினால், சன்னது கைக்கு வருவதற்குள் விண்ணப்பிக்கும் கடைசித் தேதி போய்விடும். கோர்ட் வாசலை மிதிக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் பதிவு தேவைப்படும் இடங்கள் இப்படிச் சில உண்டு.

கட்டணத்துக்குப் பயந்து தள்ளிப்போட்டவர்களுக்கு இப்போது அந்தக் காரணமும் இல்லை. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் சொல்லியிருக்கும் 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் 125 ரூபாய்க்கு மேல், பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது.

பதிவுக்கு அடுத்தது ஏ.ஐ.பி.இ. என்று எல்லோரும் சொல்லும் அகில இந்திய பார் தேர்வு. நூறு கேள்விகள், தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. தேர்ச்சிக்கு 45 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 40. சட்டத்தின் வாசகம் மட்டும் இருக்கும், குறிப்பு எதுவும் எழுதாத ‘பேர் ஆக்ட்’ புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம். “புத்தகம் பார்த்து எழுதுற பரீட்சைதானே” என்று போய் விழுந்தவர்கள் உண்டு. எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று தெரியாதவருக்குப் புத்தகம் கையில் இருந்தும் பயனில்லை. இன்னொன்று, சீனியர் கொடுத்த பழைய புத்தகம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால் தொழிலில் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியில் ஒன்றை மட்டும் படித்தவர்கள் மற்றதைத் தாமாகத்தான் படித்துக்கொள்ள வேண்டும்.

வேலையில் சேர்ந்தும் சன்னதை அப்படியே வைத்திருப்பது

இது விளையாட்டல்ல. பார் கவுன்சில் விதிகளில் 49-வது விதிப்படி, தொழில் செய்துகொண்டே ஒரு வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது. சேர்ந்தால் மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டுத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் பின்னால் ஒழுங்கு நடவடிக்கையில் வந்து நிற்கும்.

இதைவிடப் பெரிய இழப்பு வருடக் கணக்கில்தான். நிறுவனத்தின் சட்டப் பிரிவில் நான்கு வருடம் ஒப்பந்தங்களாகப் படித்துத் தள்ளியிருப்பீர்கள். அந்த அனுபவத்துக்குச் சந்தையில் நல்ல மதிப்பு. ஆனால் தேர்வு அறிவிக்கையில் ‘வழக்கறிஞராகத் தொழில் செய்த ஆண்டுகள்’ என்று கேட்கும் இடத்தில் அது பூஜ்யம். முழுநேரச் சம்பளம் வாங்கும் நிறுவன ஆலோசகரை வழக்கறிஞராகக் கருத முடியாது, வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியப் பாதுகாப்பு அவருக்குப் பொருந்தாது என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நிறுவன வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. எதை விட்டு எதை எடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

சிலர் இதற்கு நேர் எதிராக, சன்னது இருந்தால் வேறு எதுவுமே செய்யக் கூடாது என்று நினைத்து முடங்கிப்போகிறார்கள். பத்திரிகையில் எழுதலாம், ஒலிபரப்பில் பேசலாம், சட்ட மாணவர்களுக்குப் பயிற்சி தரலாம். 51-வது விதியே அனுமதிக்கிறது. சட்டக் கல்லூரியில் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் பாடம் எடுக்கவும் தனி விதி இருக்கிறது. வழக்குப் பிடிக்க விளம்பரம் செய்வதுதான் கூடாது.

நீதிபதி கனவும் மூன்று வருடமும்

கல்லூரி முடிந்ததும் அறையைப் பூட்டிக்கொண்டு இரண்டு வருடம் சிவில் நீதிபதி தேர்வுக்குப் படிப்பது ஒரு காலத்தில் சரியான திட்டமாக இருந்தது. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்ற பழைய நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது. பார் தேர்வில் தேறுவதற்கு முன் கிடைக்கும் தற்காலிகப் பதிவைச் செய்த நாளிலிருந்து அந்தக் காலம் கணக்காகும். நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்த காலமும் சேரும். ஆக, பதிவை ஆறு மாதம் தள்ளிப்போட்டால் தகுதியும் ஆறு மாதம் தள்ளிப்போகிறது. விதிகள் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், பயிற்சி மையம் சொல்வதை நம்பாமல் ஒவ்வொரு முறையும் அறிவிக்கையை நீங்களே படியுங்கள்.

தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் ஏ.பி.பி., அதாவது உதவி அரசு வழக்கறிஞர் தேர்வுக்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து வருடம் தொழில் செய்திருக்க வேண்டும். முதல் ஐந்து வருடமும் சொத்து வழக்குகளை மட்டும் நடத்தும் ஆபீஸில் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மாவட்ட நீதிபதி நேரடி நியமனத்துக்கு அரசியலமைப்பின் 233-வது பிரிவு ஏழு வருடம் கேட்கிறது.

அனுபவம் இருந்தால் போதாது, அதைக் காட்டவும் வேண்டும். பல ஜூனியர்கள் கோட்டை விடுவது இங்கேதான். வருடக்கணக்கில் கேஸ் கட்டைத் தூக்கி, வாய்தா வாங்கி, மனு எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் கட்சிக்காரர் வழக்கறிஞருக்கு எழுதிக் கொடுக்கும் வக்காலத்துப் பத்திரம் ஒன்றிலும் அவர்கள் பெயர் இருக்காது. சேர்ந்த முதல் மாதமே சீனியரிடம் பணிவாகக் கேட்டுவிடுங்கள்: “ஐயா, வக்காலத்துல என் பேரும் போட்டுக்கலாமா?” பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். உங்கள் பெயர் வந்த வக்காலத்து, உத்தரவுகளின் நகல்களை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

சிவில் நீதிபதி தேர்வில் மொழிபெயர்ப்புத் தாள் ஒன்று உண்டு. சாட்சியங்களையும் ஆவணங்களையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்ற வேண்டும். ஆங்கிலத்துக்குப் பயப்படுபவர்களைவிட, தமிழை அலட்சியமாக நினைப்பவர்களே இதில் அதிகம் திணறுவார்கள் என்பது என் எண்ணம்.

பெரிய பெயரைப் பார்த்துச் சீனியரைத் தேர்ந்தெடுப்பது

பதினைந்து ஜூனியர்கள் இருக்கும் பெரிய ஆபீஸில் பதினாறாவது ஆளாகச் சேர்ந்தால், ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எத்தனை வருடம் காத்திருக்க வேண்டுமோ தெரியாது. முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் தினமும் ஓடும் சிறிய ஆபீஸில் அந்த வாய்ப்பு சீக்கிரம் வரும். முதல் மூன்று வருடம் விசாரணை நீதிமன்றத்தில் கழிவது நல்லது. உயர் நீதிமன்றம் எங்கேயும் போய்விடாது.

பணம் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாகத் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. எல்லா ஆபீஸும் தருகிறதா என்பது வேறு விஷயம். ஆனால் கேட்பதற்கு ஒரு பிடிமானம் கிடைத்திருக்கிறது.

எல்.எல்.எம். என்ற காத்திருப்பு அறை

என்ன செய்வதென்று தெரியாமல் எல்.எல்.எம். சேர்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆசிரியர் வேலைதான் இலக்கு என்றால் அதோடு நெட் அல்லது செட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ, முனைவர் பட்டமோ வேண்டும். எல்.எல்.எம். மட்டும் வைத்துக்கொண்டு உதவிப் பேராசிரியர் ஆக முடியாது. படித்து முடிப்பதற்குள் வேறு சில வயது வரம்புகளும் கடந்துவிடும். ராணுவத்தின் ஜே.ஏ.ஜி. சட்டப் பிரிவுக்கு எல்.எல்.பி.யில் 55 சதவீதமும் 21 முதல் 27 வயதும் கேட்கிறார்கள்.

காப்புரிமை முகவர் தேர்வைச் சட்டம் படித்த எல்லோரும் எழுத முடியாது. அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் இருக்க வேண்டும். பி.எஸ்சி., பி.இ. முடித்துவிட்டு மூன்று வருட எல்.எல்.பி.க்கு வந்தவர்களில் பலர், பழைய பட்டத்தை வீணாகிப்போன வருடங்களாகவே நினைத்துச் சான்றிதழைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அதை எடுத்துத் தூசி தட்டுங்கள்.