களை பிடுங்கும் முன் மாட்டைப் பிடித்து வேறு இடத்தில் கட்டுங்கள்

மணலி புதுநகர் தாண்டி கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் மார்கழியில் பேசிப் பாருங்கள், ஒரே புலம்பல்தான்: இவ்வளவு மழை பெய்தும் புல் இல்லை, பார்த்தீனியக் களைதான் இடுப்பளவு நிற்கிறது. நானும் மூன்று வருடம் ஆள் வைத்துப் பிடுங்கினேன், கூலி போனதுதான் மிச்சம். பிடுங்கிய இடத்திலேயே மறுநாள் மாட்டைக் கட்டினேன், இருந்த கொஞ்சம் அருகம்புல்லையும் அது தரையோடு வழித்துவிட்டது, அப்புறம் வெறும் மண்ணில் வேறென்ன முளைக்கும்?

அதனால் முதலில் மேய்ச்சலைச் சரிசெய்யுங்கள். புல் ஒரு சாண் வளர்ந்த பிறகு மாட்டை விடுங்கள், நான்கு விரல் உயரம் மிச்சமிருக்கும்போதே ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த நான்கு விரல் தாளில்தான் அருகும் கொழுக்கட்டைப் புல்லும் மறுபடி தழைக்கின்றன. நிலத்தை முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி நான்கு துண்டாக்கி, ஒரு துண்டில் ஒரு வாரம் மேய்த்தால் அடுத்த மூன்று வாரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. இந்தக் கணக்கு ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான். சித்திரை வெயிலில் நாளை எண்ணாமல் விரலால் அளந்து பாருங்கள். வளரவில்லையா, கொட்டகையிலேயே வைக்கோல் போடுங்கள். 300 கிலோ மாட்டுக்கு ஒரு நாளைக்குப் பச்சைப் புல்லே 30 கிலோ வேண்டும். அரை ஏக்கரில் நான்கு மாட்டை மேய்த்தே வளர்த்துவிடலாம் என்பது பேராசை.

இனி களை. பார்த்தீனியம் முளைத்து ஒரு மாதம் போல ஆனாலே பூத்துவிடும், ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். பூக்கும் முன்பே, மழை விட்ட ஈரத்தில், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். லிட்டருக்கு 200 கிராம் உப்புக் கரைத்துத் தெளிக்கச் சொல்வார்கள். சாலையோரத்துக்குச் சரி, மேய்ச்சல் நிலத்தில் வேண்டாம். நம் பக்கம் மண்ணே உவர், புல்லும் சேர்ந்து கருகும். வேலியோரம் ஆவாரையோ தகரையோ விதைத்தால் அங்கே பார்த்தீனியம் ஒடுங்கும், மாடும் அவற்றை அவ்வளவாகச் சீண்டாது.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் தூரிலிருந்து நாலாகத் துளிர்க்கும், கடப்பாரை போட்டுத் தூரையே பெயர்க்க வேண்டும். இதன் நெற்றை மாடு ஆசையாகத் தின்னும், விதை சாணியோடு வந்து நிலமெங்கும் முளைக்கும். நெற்று விழும் காலத்தில் மரத்தடியில் கட்டாதீர்கள்.

உண்ணிச்செடி (லண்டானா) என்ற களையைத் தின்ற மாட்டுக்குக் காமாலை வரும், வெயில் பட்ட இடமெல்லாம் தோல் உரியும். வயிறு நிறைந்த மாடு பெரும்பாலும் அதைத் தொடாது, மொட்டை நிலத்தில் பசியோடு நிற்கும் மாடுதான் வாய் வைக்கும். தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் வெயில் படாமல் கட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், காற்றில் வந்து விழும் பிளாஸ்டிக் பைகள். அவிழ்த்துவிடும் முன் ஒரு சுற்றுப் போய்ப் பொறுக்கிவிடுங்கள். வயிற்றில் சேர்ந்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.