கான்ட்டை உரைநூலோடு படிப்பது எப்படி?

ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட்டின் ‘தூய பகுத்தறிவின் விமர்சனம்’ 1781இல் வெளிவந்தபோது, அவர் காலத்து அறிஞர்களே திணறினார்கள். மறு ஆண்டு கோட்டிங்கன் நகரில் வந்த மதிப்புரை, தன் நூலை முற்றிலும் தவறாகப் புரிந்துகொண்டது என்று கான்ட் கொதித்தார். 1783இல் ‘புரோலெகோமெனா’ என்ற சிறுநூலில் அதற்குப் பதில் சொன்னார். 1787இல் சில முக்கியப் பகுதிகளைப் புதிதாக எழுதி இரண்டாம் பதிப்பையும் கொண்டுவந்தார். ஆகவே முதல் வாசிப்பில் ஒன்றும் புரியவில்லையென்றால் அது இயல்புதான், உரைநூல் வேண்டும். ஆனால் அதை எப்போது திறப்பது, அதில் எதைத் தேடுவது என்று தெரியாவிட்டால் கடைசியில் உரையாசிரியரைப் படித்திருப்போம், கான்ட்டைப் படித்திருக்க மாட்டோம்.

முதலில் மூலத்தைச் சரியான பதிப்பில் எடுங்கள். பக்க ஓரத்தில் ‘ஏ’, ‘பி’ என்று எண்கள் அச்சிட்டிருக்க வேண்டும். ‘ஏ’ 1781 பதிப்பின் பக்கம், ‘பி’ 1787 பதிப்பின் பக்கம். எல்லா உரைகளும் இந்த எண்களை வைத்தே பேசுகின்றன. ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு பால் கையரும் ஆலன் வுட்டும் செய்த 1998 கேம்பிரிட்ஜ் மொழிபெயர்ப்பு போதும். ஓர எண் இல்லாத மலிவுப் பதிப்பு எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்து உரைகள். துணைக்கு ஒரு சிறிய கையேடு (செபாஸ்டியன் கார்ட்னருடையது, 1999, நல்லது), அதற்கு மேல் ஒன்றோடொன்று மோதும் இரண்டு பெரிய உரைகள். ஹென்றி ஆலிசனும் (1983, திருத்திய பதிப்பு 2004) பால் கையரும் (1987) நல்ல ஜோடி. நமக்குத் தோன்றும் பொருளையும் தன்னளவில் இருக்கும் பொருளையும் கான்ட் பிரிக்கிறார் இல்லையா? ஒரே பொருளை இரண்டு விதமாகக் கருதுவதுதான் அது என்கிறார் ஆலிசன். கையர் அதை ஏற்கவில்லை. ஒரே உரையை மட்டும் படிப்பவருக்கு இப்படி ஒரு வழக்கு இருப்பதே தெரியாமல் போகும்.

நார்மன் கெம்ப் ஸ்மித்தின் 1918 உரையும் உங்கள் கைக்கு வரலாம். வெவ்வேறு காலத்தில் எழுதிய குறிப்புகளைக் கான்ட் ஒட்டிச் சேர்த்தார் என்பது அவர் கட்சி. அதனால் “இங்கே முரண்படுகிறார்” என்று அவர் சொல்லும்போது உடனே தலையாட்ட வேண்டாம். ஹெச். ஜே. பேட்டன் 1936இல் இந்தக் கட்சியை எதிர்த்தே எழுதினார்.

சரி, இப்போது வாசிப்பு. ஒரு பத்தியை உரையில்லாமல் இரண்டு தடவை படியுங்கள். பிறகு உங்களுக்கு எங்கே இடிக்கிறது என்பதை ஒரே கேள்வியாக எழுதுங்கள். “புரியவில்லை” என்பது கேள்வி ஆகாது.

ஏ 51/பி 75ஐ எடுத்துக்கொள்வோம். உள்ளடக்கம் இல்லாத சிந்தனை வெறுமையானது, கருத்து இல்லாத புலன்காட்சி குருடானது என்கிறார் கான்ட். எல்லோரும் மேற்கோள் காட்டும் இடம். படித்ததும் புரிந்துவிட்டது போலவே இருக்கும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: கருத்து இல்லாமல் புலன்காட்சியே கிடையாதா, அல்லது கிடைத்தும் அது இன்னதென்று நமக்குத் தெரியாதா? இந்தக் கேள்வியோடு உரைகளுக்குப் போனால் இரண்டு அணிகள் தென்படும். இரண்டாவது விடையைச் சொல்பவர்கள் உங்களை ஏ 89/பி 122க்கு அனுப்புவார்கள். அறிவின் செயல்பாடுகளோடு தொடர்பு இல்லாமலேயே பொருள்கள் நமக்குத் தோன்றக்கூடும் என்று அங்கே கான்ட் எழுதியிருக்கிறார். எதிரணியோ, அது தற்காலிகமாக எழுப்பிய சந்தேகம்தான், நூலில் பின்னால் வரும் 26ஆம் பிரிவில் அவரே அதைத் தீர்த்துவிடுகிறார் என்று பதில் சொல்லும்.

இந்த இடத்தில் உரையை மூடிவிட்டு அந்த இரண்டு பக்கங்களையும் நீங்களே திறந்து படியுங்கள். உரையாசிரியரின் முடிவைவிட அவர் கைகாட்டும் பக்க எண்கள்தான் உங்களுக்கு அதிகம் பயன்படும். எழுநூறு பக்கத்துக்கு மேல் ஓடும் நூலில் எந்த வரி எந்த வரியோடு பேசுகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பல வருடம் பிடிக்கும். அந்த வேலையை அவர்கள் நமக்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் படித்தபின் எந்த அணி சொல்வது பொருந்துகிறது என்று பத்தி ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள். பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் பதிப்பின் முன்னுரை, அறிமுகம், அப்புறம் வெளியையும் காலத்தையும் பற்றிய பகுதி என்ற வரிசையில் போங்கள். மிகக் கடினமான ‘டிடக்ஷன்’, அதாவது நம் மனத்தின் அடிப்படைக் கருத்துகள் அனுபவப் பொருள்களுக்குப் பொருந்தும் என்று கான்ட் நிரூபிக்க முயலும் பகுதி, அதன் பிறகுதான். இரண்டாம் பதிப்புக்காகக் கான்ட் பெரிதும் மாற்றி எழுதிய பகுதிகளில் இதுவும் ஒன்று. முதலில் 1787 வடிவத்தையே படியுங்கள். 15 முதல் 20 வரையான பிரிவுகளைப் படித்தால் நிரூபணம் முடிந்ததுபோல் தோன்றும். 21ஆம் பிரிவிலோ, இதுவரை செய்தது வெறும் தொடக்கம் என்கிறார் கான்ட். ஒரே நிரூபணத்துக்கு ஏன் இரண்டு படிகள் என்ற கேள்வியை டீட்டர் ஹென்ரிக் 1969இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்கொண்டார். அதற்குப்பின் வந்த உரைகள் பலவும் அவரோடு வாதாடுகின்றன. 26ஆம் பிரிவை முடித்து, உங்கள் விடையை நாலு வரியில் எழுதிவைத்த பிறகு அந்தக் கட்டுரையைத் திறங்கள்.