இரோக்கோ மரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்
சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் புதுப்பிக்கும்போது வாசற்கதவுக்கும் பூஜை அலமாரிக்கும் தேக்கு கேட்பவர்களிடம், விலை குறைவு என்று ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ காட்டப்படுவதுண்டு. பெரும்பாலும் அது இரோக்கோ. ஐவரி கோஸ்ட், கானா முதல் தான்சானியா வரை வளரும் இம்மரம் தேக்குக்கு உறவே அன்று. பலாவும் அத்தியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ எடையும், பூஞ்சையையும் கரையானையும் பெரிதும் தாங்கும் வைரமும் (மரத்தின் கெட்டியான உட்பகுதி) கொண்டதால் படகு, தரைப்பலகை, தோட்ட நாற்காலி என எல்லாவற்றுக்கும் ஏற்றது. ஆகவே தரத்தில் குறையில்லை. தேக்கைப் போலவே இதையும் கையாளலாம் என்று எண்ணுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கடைக்காரர் சொல்லும் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அஃப்ரோர்மோசியா என்னும் வேறொரு மரமும் ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்ற இதே பெயரில் விற்கப்படுகிறது. அதன் பன்னாட்டு வணிகம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. எனவே ரசீதில் மிலிசியா எக்செல்சா அல்லது மிலிசியா ரீஜியா என்ற இரோக்கோவின் தாவரவியல் பெயரைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

புதிதாக இழைத்த பலகையின் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் தவறு. பலா மரத்தைப் போல முதலில் மஞ்சளாக இருக்கும் இது, வெளிச்சம் படப்படப் பழுப்பாகிவிடும். புதிய அலமாரியின் மேல் குத்துவிளக்கை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்திருந்து பிறகு நகர்த்தினால், அதன் அடிப்பாகத்தின் அளவுக்கு ஒரு வெளிர்வட்டம் தெரியும். முதல் சில மாதங்களுக்குப் பொருள்களை அவ்வப்போது இடம் மாற்றி வைப்பது நல்லது.

தச்சருக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டியது ஒன்று உண்டு: இம்மரத்துக்குள் கல் இருக்கலாம். உயிரோடிருக்கும்போது மரம் உருவாக்கும் ஆக்சலேட் உப்பை நுண்ணுயிரிகள் சிதைப்பதால் வேரடி மண்ணிலும் தண்டிலும் கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்புக் கல்) படிகிறது. பலகைக்குள் மறைந்திருக்கும் அந்தக் கட்டியில் பட்டால் ரம்பத்தின் பல் மழுங்கும், சில சமயம் உடையவும் செய்யும். கட்டியைச் சுற்றிய மரம் சற்றுக் கருத்திருப்பதே அடையாளம். இழைகளும் திசைமாறிப் பின்னிக் கிடப்பதால், கூர் குறைந்த இழைப்புளியைப் போட்டால் பரப்பு பிய்ந்துவிடும்.

தூளை அலட்சியம் செய்வதே மிகப் பெரிய தவறு என்பேன். இரோக்கோத் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் ஆஸ்துமாவையும் உண்டாக்கும். ஆகவே முகக்கவசமின்றி வீட்டுக்குள்ளோ, அண்டை வீட்டார் நடமாடும் பொது நடைபாதையிலோ அறுக்கவும் தேய்க்கவும் விடாதீர்கள். பட்டறையிலேயே முடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இம்மரத்திலுள்ள வேதிப்பொருள்கள் எண்ணெய் சார்ந்த சில வார்னிஷ்கள் காய்வதைத் தாமதப்படுத்தும் என்பதால், முதலில் ஒரு துண்டில் பூசிப் பார்ப்பது அவசியம். பட்டையை ஒட்டிய வெளிர்நிறப் பகுதிக்கு வைரத்தின் உறுதி கிடையாது. மழைச்சாரல் படும் இடத்துக்கு அப்பகுதி கலந்த பலகை வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.