ஆங்கிலத்தில் ‘செய்யப்பட வேண்டும்’, ‘செய்யப்படலாம்’ என்று சொல்வது எப்படி?

‘இந்தப் படிவத்தை நாளைக்குள் கொடுத்துவிட வேண்டும்’ என்று தமிழில் சொல்லும்போது, யார் கொடுக்க வேண்டும் என்பதை நாம் சொல்வதில்லை. கேட்பவரும் அதைத் தேடுவதில்லை. எழுவாய் வெளிப்படாமலேயே வாக்கியம் முழுமை பெறுவது தமிழில் இயல்பு. ஆங்கிலத்தில், கட்டளை வாக்கியங்களை விட்டுவிட்டால், வினைக்கு முன்னால் ஓர் எழுவாய் இருந்தே ஆக வேண்டும். ஆகவே செய்பவரைக் குறிப்பிடத் தேவையில்லாத இடத்தில் ஆங்கிலம் செயப்படுபொருளையே எழுவாயாக்கி, ‘திஸ் ஃபார்ம் மஸ்ட் பி சப்மிட்டட் பை டுமாரோ’ என்கிறது. மஸ்ட், கேன், ஷுட் போன்ற துணைவினைகளோடு செயப்பாட்டு வினை சேரும் இந்த அமைப்பை, செய்வினை வாக்கியத்தைத் திருப்பிப் போடும் பள்ளிப் பயிற்சியாக மட்டுமே பலர் அறிந்திருக்கிறார்கள். அந்தப் பயிற்சியைவிடப் பயனுள்ள வழி ஒன்று உண்டு என்பது என் கருத்து: நீங்கள் சொல்ல நினைக்கும் தமிழ் வாக்கியத்தில் செய்பவர் இல்லாமல், அது ‘வேண்டும்’, ‘லாம்’, ‘கூடாது’, ‘முடியாது’ என்று முடிந்தால், ஆங்கிலத்தில் பெரும்பாலும் இந்த அமைப்பே பொருந்தும்.

அமைப்பு எளிது. முதலில் துணைவினை, அடுத்து ‘பி’, கடைசியில் முதன்மை வினையின் மூன்றாம் வடிவம். எழுவாய் ஒருமையானாலும் பன்மையானாலும் இவற்றில் எதுவும் மாறாது. கேன், மஸ்ட், ஷுட், மே ஆகியவற்றுக்குப் பின் ‘டு’ வராது என்பதையும், ‘ரோட்’ போன்ற இரண்டாம் வடிவம் இங்கே இடம்பெறாது, ‘ரிட்டன்’ என்ற மூன்றாம் வடிவமே வரும் என்பதையும் மனத்தில் நிறுத்திக்கொண்டால் போதும். ‘ஹேவ் டு’, ‘நீட் டு’ ஆகிய இரண்டு மட்டும் எழுவாய்க்கேற்ப ‘ஹேஸ் டு பி’, ‘நீட்ஸ் டு பி’ என்று மாறும். அன்றாடப் பேச்சில் ‘மஸ்ட் பி’ என்பதைவிட இவையே மிகுதியாகக் காதில் விழும், ஏனெனில் மஸ்ட் என்பதில் அறிவிப்புப் பலகையின் கண்டிப்பு சற்று ஒட்டியிருக்கிறது. செய்வது நல்லது என்ற அளவில் நின்றால் ‘ஷுட் பி’. இயலும் என்றால் ‘கேன் பி’. நடக்கக்கூடும் என்று ஐயத்தோடு சொல்ல ‘மே பி’, ‘மைட் பி’, ‘குட் பி’. பேச்சு வழக்கில், குறிப்பாக விரும்பத்தகாத ஒன்று நேரக்கூடும் என்று சொல்லும்போது, ‘பி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘கெட்’ வருவதும் உண்டு: ‘தி மீட்டிங் மைட் கெட் கேன்சல்ட்’.

எதிர்மறையில் கவனம் கூடுதலாக வேண்டும். ‘தீஸ் பேப்பர்ஸ் மஸ்ட் நாட் பி ஃபோல்டட்’ என்றால் இந்தத் தாள்களை மடிக்கக் கூடாது, அது தடை. மடிக்க வேண்டியதில்லை, மடித்தாலும் குற்றமில்லை என்று சொல்ல நினைப்பவர் ‘டோன்ட் ஹேவ் டு பி ஃபோல்டட்’ என்றோ ‘நீட் நாட் பி ஃபோல்டட்’ என்றோ சொல்ல வேண்டும். ‘மஸ்ட்’ என்பது ‘வேண்டும்’ ஆனால், ‘மஸ்ட் நாட்’ என்பது ‘வேண்டியதில்லை’ ஆகும் என்று கணக்குப் போடுபவர்கள், அனுமதி தர நினைத்துத் தடை விதித்துவிடுகிறார்கள்.

இறந்த காலத்தில் நாம் தடுமாறுவதற்குத் தமிழிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ‘கதவு பூட்டப்பட்டிருக்க வேண்டும்’ என்ற ஒரே வாக்கியம் தமிழில் இரண்டு பொருள் தரும். பூட்டியிருப்பார்கள் என்று ஊகித்தும் அதைச் சொல்லலாம். பூட்டாமல் விட்டுவிட்டார்களே என்ற குறையோடும் சொல்லலாம். ஆங்கிலம் இந்த இரண்டையும் தனித்தனிச் சொற்களால் பிரித்துவிடுகிறது. ஊகத்துக்கு ‘தி டோர் மஸ்ட் ஹேவ் பீன் லாக்ட்’. செய்யத் தவறிய கடமைக்கு ‘தி டோர் ஷுட் ஹேவ் பீன் லாக்ட்’. முதல் வாக்கியத்தைக் கேட்பவர் கதவு பூட்டியிருந்தது என்று எடுத்துக்கொள்வார். இரண்டாவதைக் கேட்பவர் கதவு திறந்தே கிடந்தது என்று புரிந்துகொள்வார். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் நடந்த செய்தியே தலைகீழாகிவிடுகிறது என்பதால், எழுதி முடித்தபின் இந்த ஒரு சொல்லை மட்டுமாவது திரும்பிப் பார்ப்பது நல்லது. பூட்டியாக வேண்டிய கட்டாயம் இருந்தது, பூட்டினோம் என்ற மூன்றாவது பொருளுக்கு ‘ஹேட் டு பி லாக்ட்’ என்பதே சரி. பூட்டியிருக்கவே முடியாது என்ற உறுதியான ஊகத்துக்கு வழக்கில் ‘கான்ட் ஹேவ் பீன் லாக்ட்’ வரும். ‘குட் ஹேவ் பீன்’ என்பதோ சூழலைப் பொறுத்தது: ‘இட் குட் ஹேவ் பீன் அவாய்டட்’ என்றால் தவிர்த்திருக்கலாம், ஆனால் தவிர்க்கவில்லை; ‘இட் குட் ஹேவ் பீன் டிலேட்’ என்றால் ஒருவேளை தாமதமாகியிருக்கலாம், உறுதியாகத் தெரியாது.

‘ஹேட் டு பி’ நீங்கலாக, இந்த வடிவங்கள் எல்லாவற்றிலும் ‘ஹேவ்’ என்பதற்குப் பின் ‘பீன்’ கட்டாயம். அதை விட்டுவிட்டு ‘ஷுட் ஹேவ் இன்ஃபார்ம்ட்’ என்றால் வாக்கியம் செய்வினையாகிவிடும். ‘ஐ ஷுட் ஹேவ் இன்ஃபார்ம்ட்’ என்று எழுதுபவர், தனக்குச் செய்தி வரவில்லை என்று முறையிட நினைத்து, தானே செய்தி சொல்லத் தவறியதாக எழுதிவிடுகிறார். அதுவும் யாருக்கு என்பது இல்லாமல் வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது.

இதே இடத்தில் வேற்றுமை உருபும் ஒரு பொறியாக அமைகிறது. ‘எனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்’ என்ற வாக்கியத்திலுள்ள ‘எனக்கு’ என்பதை அப்படியே ‘டு மீ’ ஆக்கி வாக்கியத்தைத் தொடங்கத் தோன்றும். ஆங்கிலத்தில் கொடுத்தல், சொல்லுதல், அனுப்புதல், கற்பித்தல் போன்ற வினைகளில் பெறுபவரே எழுவாயாக நிற்கலாம். ஆகவே ‘ஐ ஷுட் ஹேவ் பீன் டோல்ட் எர்லியர்’. அவ்வாறே ‘உங்களுக்கு ரசீது தரப்படும்’ என்பது ‘யூ வில் பி கிவன் எ ரிசீட்’ ஆகும். ‘எ ரிசீட் வில் பி கிவன் டு யூ’ என்பது இலக்கணப் பிழை அன்று. ஆனால் மனிதரை முன்னால் வைத்துப் பேசுவதே ஆங்கிலப் பேச்சின் வழக்கம் என்பதால் முதல் வடிவமே இயல்பாக ஒலிக்கிறது.

இன்னொரு பிழை, ‘படு’ என்ற சொல்லைப் பார்த்ததும் செயப்பாட்டு வினை என்று நினைத்துவிடுவதால் நேர்வது. ஏற்படலாம், தென்படலாம், புறப்பட வேண்டும் ஆகியவற்றில் ‘படு’ இருந்தாலும் அவை செயப்படுபொருள் குன்றிய வினைகள். ‘சிக்கல் ஏற்படலாம்’ என்பதை ‘ப்ராப்ளம் மே பி ஹேப்பன்ட்’ என்று எழுதுவது பிழை. ‘எ ப்ராப்ளம் மே ஹேப்பன்’ என்றாலே போதும். ஹேப்பன், அரைவ், கம், டிஸப்பியர் ஆகியவை எந்தத் துணைவினையோடு சேர்ந்தாலும் இந்தச் செயப்பாட்டு அமைப்பை ஏற்பதில்லை. ஐயம் வந்தால், ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்று வினையைக் கேட்டுப் பாருங்கள்; விடை கிடைக்காத வினைக்குச் செயப்பாட்டு வடிவம் கிடையாது. மாறாக, முன்னிடைச்சொல்லோடு ஒட்டி வாழும் வினைகள் இந்த அமைப்புக்குள் வரும்போது அந்தச் சொல்லையும் தம்மோடு கொண்டுவந்தாக வேண்டும்: ‘திஸ் ஹேஸ் டு பி லுக்ட் இன்டு’, ‘ஹி கான்ட் பி ரிலைட் ஆன்’. கடைசியில் தனியாகத் தொங்குவதுபோல் தெரிகிறதே என்று அதை வெட்டிவிடக் கூடாது.

கேன், ஷுட் போன்றவை வரும் வாக்கியத்தைக் கேள்வியாக்கத் துணைவினையை முன்னால் நகர்த்தினால் போதும்: ‘கேன் திஸ் பி ரிப்பேர்ட்?’ எப்போதும், ஒருபோதும் போன்ற சொற்கள் துணைவினைக்கும் ‘பி’ என்பதற்கும் நடுவே அமரும்: ‘மெடிசின்ஸ் ஷுட் ஆல்வேஸ் பி கெப்ட் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்’. பேச்சில் ‘ஷுட் ஹேவ் பீன்’ என்பது ‘ஷுடவ் பின்’ என்று சுருங்கி ஒலிக்கும். காதில் ‘ஷுட் ஆஃப்’ என்று விழுந்தாலும், எழுதும்போது ‘ஹேவ்’ என்றே எழுத வேண்டும். ‘கேன் பி டன்’ என்பதில் ‘கேன்’ மெலிந்து அழுத்தம் ‘டன்’ மேல் விழும். ‘கான்ட் பி டன்’ என்பதில் ‘கான்ட்’ அழுத்தமாக ஒலிக்கும். வேகமான உரையாடலில் முடியுமா முடியாதா என்பதை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் இந்த அழுத்தமே.

செய்பவரை மறைப்பது எல்லா இடத்திலும் பண்பாகாது. ஒருவர் செய்யத் தவறியதை ‘தி ரிப்போர்ட் ஷுட் ஹேவ் பீன் சென்ட் எஸ்டர்டே’ என்று விரல் நீட்டாமல் நினைவூட்டுவது நாகரிகம்தான். ஆனால் அறிக்கையை அனுப்பத் தவறியவர் நீங்களே என்றால், அதே வாக்கியம் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகவே படும்; அங்கே ‘ஐ ஷுட் ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே’ என்ற செய்வினைதான் நேர்மையானது. வாக்குறுதிக்கும் இது பொருந்தும். ‘இட் வில் பி டன்’ என்பதைக் கேட்டவர் யார் செய்வார்கள் என்று யோசிப்பார். ‘ஐ வில் டூ இட்’ என்றால் அந்தக் கேள்வி எழாது. செய்பவர் யார் என்பது செய்திக்கு உண்மையிலேயே தேவை, ஆனாலும் செயப்படுபொருளே முன்னால் நிற்க வேண்டும் என்ற நிலையில் ‘பை’ சேர்த்துக்கொள்ளலாம்: ‘தி லெட்டர் மஸ்ட் பி சைன்ட் பை போத் பேரண்ட்ஸ்’.