நேற்றுக் கதைத்ததை இன்று ஆங்கிலத்தில் கதைப்பது எப்படி?

2009இல், போரால் இடம்பெயர்ந்து நாங்கள் இருந்த செட்டிகுளம் முகாமில் ஒரு வெளிநாட்டுப் பெண் எங்கள் கூடாரத்து வாசலில் நின்று, "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டார். "ஐ ஆம் ஃபைன், தாங்க் யூ" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த கூடாரத்துக்குப் போனார். உள்ளே என் மகன் மூன்று நாள் காய்ச்சலோடு படுத்திருந்தான். அந்தக் கேள்விக்குப் பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு பதிலைத்தான் பாடமாக்கியிருந்தேன். 'மை சன் ஹாஸ் ஃபீவர்' என்ற நான்கு சொல்லும் தனித்தனியே எனக்குத் தெரியும். சேர்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் வீட்டிலிருந்து தைக்கிறேன். ஐந்து வருடமாகப் பக்கத்து வளவு மாமியும் நானும் பின்னேரத்தில் அரை மணித்தியாலம் ஆங்கிலம் கதைக்கிறோம். வாத்தியார் என்று யாரும் இல்லை. நாங்கள் செய்கிற முறையை அப்படியே சொல்கிறேன்.

ஒரு கொப்பி எடுங்கள். அதில் இலக்கணம் வேண்டாம். அன்றைக்கோ முதல் நாளோ நீங்கள் உண்மையாகவே தமிழில் கதைத்த ஒன்றை நான்கு வரியில் எழுதுங்கள். கடைகளில் விற்கிற 'ஆங்கிலம் பேசலாம்' புத்தகங்களில் விமான நிலையமும் பெரிய ஹோட்டலும்தான் வரும். நாங்கள் போவது சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும். தமிழில் வாய்க்குப் பழகிய கதைதான் ஆங்கிலத்திலும் வரும். மாமி வவுனியாவுக்குப் போய்வந்த அன்று எழுதியது இது:

டிட் த பஸ் ஸ்டாப் அட் முறிகண்டி?
யெஸ், இட் டிட்.
டிட் யூ பை கச்சான்?
யெஸ். டூ பேக்கெட்ஸ். ஒன் இஸ் ஃபார் யூ.

ஏ9 வீதியால் போகிறவர்களுக்கு பஸ்கள் நின்று போகிற முறிகண்டிப் பிள்ளையார் கோவிலையும் அங்கே விற்கிற கச்சானையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கச்சானுக்கு 'பீநட்ஸ்' என்று முதல் வாரம் எங்களுக்குத் தெரியாது. பரவாயில்லை, தமிழ்ச் சொல்லையே வைத்துக் கதைத்தோம். தெரியாத ஒரு சொல்லுக்காக முழு வரியையும் நிறுத்திவிடாதீர்கள்.

இனி அந்த நான்கு வரியை வைத்து என்ன செய்வது? முதல் நாள், பார்த்து வாசியுங்கள். பிறகு ஆளை மாற்றி வாசியுங்கள். கேட்டவர் பதில் சொல்ல வேண்டும், பதில் சொன்னவர் கேட்க வேண்டும். இரண்டாம் நாள் ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள்: முறிகண்டி இருந்த இடத்தில் பரந்தன், கச்சான் இருந்த இடத்தில் வாழைப்பழம். மூன்றாம் நாள் கொப்பியை மூடிவிடுங்கள். நான்காம் நாள்தான் எனக்குப் பிடித்த நாள். அன்றைக்கு ஒருவர் எழுதாத பதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். "நோ, இட் டிட் நாட்" என்றார் மாமி ஒருநாள். நான் திகைத்துப்போய், "வை?" என்றேன். "த டிரைவர் வாஸ் லேட்." அந்த 'வை' நான் பாடமாக்காமல் கேட்ட முதல் கேள்வி.

கேள்விகளைத்தான் அதிகம் பழக வேண்டும். தமிழில் 'நின்றதா', 'வாங்கினீங்களா' என்று கேள்வி வாலில் வரும். ஆங்கிலத்தில் அது தலையில் வரும்: டிட், டஸ், இஸ். தலையில் 'டிட்' வந்துவிட்டால் பின்னால் வருகிற வினை பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். 'டிட் யூ வென்ட்' இல்லை, 'டிட் யூ கோ'. மாமி ஒரு மாதமாக 'வென்ட்' என்றுதான் சொன்னார். நான் இடையில் மறிக்கவில்லை. கதை முடிந்த பிறகு அதே வரியை நான் ஒருமுறை சரியாகச் சொல்வேன், அவ்வளவுதான். கதைக்கிற ஆளை ஒவ்வொரு சொல்லிலும் திருத்தினால் அவர் வாயை மூடிக்கொள்வார். என் வாய் அப்படித்தான் மூடிக்கிடந்தது.

உச்சரிப்புக்கு ஒரு வழி சொல்கிறேன். நாங்கள் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறோம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'கோட்' என்று எழுதினால் அது ஆடா, குளிருக்குப் போடுகிற உடுப்பா? எழுத்து ஒன்று, சத்தம் இரண்டு. தொண்டையில் விரலை வைத்து 'அக்கா' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'தங்கை' என்று சொல்லுங்கள். தங்கையின் 'க' வரும்போது தொண்டை அதிர்ந்துகொண்டே இருக்கும், அக்காவின் 'க' வரும்போது ஒரு கணம் அதிர்வு நிற்கும். உடுப்பு அக்காவின் கோட், ஆடு தங்கையின் கோட். அதேபோல 'அப்பா'வின் ப வேறு, 'தம்பி'யின் ப வேறு. 'பை' என்று வாங்குவதைச் சொல்லும்போது தம்பியின் ப வர வேண்டும். தங்கையும் தம்பியும் வருகிற எழுத்துகளுக்குக் கொப்பியில் சிவப்புப் பேனையால் கீழே கோடு போடுகிறோம். வேறு அடையாளம் எதுவும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

சொற்களை அகராதியிலிருந்து அள்ள வேண்டாம். உங்கள் வேலையில் வருகிற சொல்லை முதலில் எடுங்கள். எங்களுக்கு நெல், அரிசி, சோறு மூன்றும் மூன்று. ஆங்கிலத்தில் வயலில் நிற்பதும் மூடையில் கிடப்பதும் 'பேடி', உமி போன பிறகு பானையிலும் கோப்பையிலும் 'ரைஸ்'. குளத்துக்கு அகராதியில் 'பாண்ட்' என்று இருக்கும். இரணைமடுவை யாராவது அப்படிச் சொல்வார்களா? இலங்கை ஆங்கிலத்தில் அது 'டாங்க்'. வெளிநாட்டிலிருந்து வந்தவர் அதைத் தண்ணீர்த் தாங்கி என்று நினைக்கலாம். அவருக்கு 'எ பிக் ரெசவ்வார்' என்று சொல்லுங்கள். மாரியில் வான்கதவு திறந்தால், 'தே ஓபன்ட் த ஸ்பில் கேட்ஸ்'. இந்த ஒரு வரியை நாங்கள் மழை காலம் முழுக்கச் சொல்லியிருக்கிறோம்.

மூன்று வரியை மட்டும் கட்டாயம் பாடமாக்குங்கள். 'சொரி, கேன் யூ ஸே தட் அகேன்?' 'ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி.' 'வாட் இஸ் தட்?' விளங்காத இடத்தில் தலையாட்டிவிட்டு வரக் கூடாது. மருந்துக் கடையிலும் அலுவலகங்களிலும் நான் எத்தனையோ தரம் தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் இருந்து யோசித்திருக்கிறேன்.

பழக ஆள் இல்லையென்றால் போனில் கேள்விகளை மட்டும் பதிவுசெய்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் கொஞ்ச நேரம் சும்மா விடுங்கள். போட்டுக் கேட்டு அந்த இடைவெளியில் பதில் சொல்லுங்கள். ஆளோடு கதைப்பதற்கு அது ஈடாகாது, ஆனாலும் செய்யலாம்.

மாமியின் பேத்தி கனடாவில். ஆறு வயது, தமிழ் வராது. முன்பெல்லாம் வீடியோவில் மாமி கையை ஆட்டுவார், பிள்ளையும் ஆட்டும், போன் தகப்பனின் கைக்குப் போய்விடும். போன ஞாயிறு பின்னேரம், அங்கே விடிந்த நேரம், மாமி கேட்டார்: "வாட் டிட் யூ ஈட்?"

"சீரியல்" என்றது பிள்ளை.

மாமிக்குத் தெரிந்த சீரியல் டிவியில் இரவு போவதுதான். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் போனைக் கிட்டப் பிடித்துக்கொண்டு, "வாட் இஸ் தட்?" என்றார்.

பிள்ளை ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கிவந்து, ஒன்றை எடுத்துக் கமராவுக்கு முன்னால் பிடித்தது. "கலர்?" என்றார் மாமி. பிறகு தானே திருத்திக்கொண்டு, "வாட் கலர் இஸ் இட்?" என்றார்.