பாவ்ஃபெங் செட்டும் ஆர்டுயினோ நானோவும்: நரி வேட்டைக்கு ஒரு நரி

ஒளித்து வைத்த டிரான்ஸ்மிட்டரை, ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பித் தேடிப் பிடிப்பதுதான் ஹாம்களின் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்களின்) நரி வேட்டை. அந்த நரியை, பாவ்ஃபெங் யுவி-5ஆர் வாக்கி டாக்கியைத் திறக்காமலேயே, பக்கவாட்டு ஜாக் வழியாக ஆர்டுயினோ நானோ என்ற குட்டி மைக்ரோகன்ட்ரோலர் போர்டை இணைத்துச் செய்யலாம். ஹாம் உரிமம் கட்டாயம். இந்தியாவில் 144–146 மெகாஹெர்ட்ஸுக்குள் இருங்கள்.

1. செட்டோடு வந்த ஹெட்செட்டின் கேபிளை வெட்டுங்கள். வயர் நிறத்தை நம்பாதீர்கள், மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். நமக்கு வேண்டியது மூன்று: 3.5 மி.மீ. பிளக்கின் நடு வளையம் (மைக்), அதன் அடிப்பகுதி (பிடிடி, அதாவது பேச அழுத்தும் பட்டனின் இணைப்பு), 2.5 மி.மீ. பிளக்கின் அடிப்பகுதி (கிரவுண்ட்).

2. ஆன்டெனா இடத்தில் 50 ஓம் டம்மி லோடை (அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கும் போலி ஆன்டெனா) மாட்டி, இரண்டு அடிப்பகுதி வயர்களையும் ஒரு நொடி தொடவையுங்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா? சரி, அதுதான் பிடிடி. நானோ செய்யப்போவதும் இதே வேலைதான்.

3. பிசி547 டிரான்சிஸ்டரின் தட்டைப் பக்கம் உங்களைப் பார்த்திருந்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். கலெக்டர் பிடிடிக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு. நானோவின் கிரவுண்டும் அங்கேயே. டி3 பின்னிலிருந்து 4.7 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு.

பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 10 கே போடுங்கள். முதல் முறை நான் அதை விட்டுவிட்டேன். நானோவை ரீசெட் செய்தால் அந்தப் பின் கொஞ்ச நேரம் எதிலும் சேராமல் அந்தரத்தில் தொங்கும். பக்கத்திலேயே ஆன்டெனா இருப்பதால் பேஸ் அந்த அலையைப் பிடித்துக்கொண்டது, செட் விடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருந்தது. பத்துக் காசு ரெசிஸ்டர்தான், ஆனால் அலைவரிசையை அடைத்துக்கொண்டால் மற்ற எல்லோருக்கும் தொல்லை.

4. ஒலிக்கு டி9. நானோ தருவது 5 வோல்ட், மைக்குக்குத் தேவை மில்லிவோல்ட். அதனால் டி9-இலிருந்து 100 கே, அப்புறம் கிரவுண்டுக்கு 1 கே. இரண்டும் சேரும் இடத்திலிருந்து 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக மைக்குக்கு.

5. புரோகிராம் எளிது. டி3-ஐ உயர்த்தி அரை நொடி காத்திருக்கச் சொல்லுங்கள். கேட்பவர் செட்டின் ஸ்கெல்ச் (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைத்து வைக்கும் வசதி) திறக்க அந்த நேரம் வேண்டும், இல்லையென்றால் முதல் எழுத்து காணாமல் போகும். பிறகு 700 ஹெர்ட்ஸ் ஒலியில் உங்கள் அழைப்புக்குறியை மோர்ஸில் அனுப்பி, டி3-ஐ இறக்கி, ஒரு நிமிடம் ஓய்வு.

6. செட்டில் குறைந்த பவர், வாக்ஸ் (ஒலி கேட்டாலே தானாக ஒலிபரப்பும் வசதி) அணைப்பு, டைம்-அவுட் (ஒரே மூச்சில் ஒலிபரப்பும் அதிகபட்ச நேரம்) 60 நொடி. நானோ ரொம்பக் குறைவாக மின்சாரம் இழுப்பதால் சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். 9 வோல்ட் பேட்டரியை விஐஎன் பின்னில் கொடுப்பது நல்லது.

இன்னொரு செட்டில் கேளுங்கள். ஒலி கரகரத்தால் 1 கே-வை 470 ஓமாக மாற்றுங்கள். தெளிவாக இருந்தால் டம்மி லோடைக் கழற்றி ஆன்டெனாவை மாட்டி, நரியை ஒளித்து வைக்கப் புறப்படலாம்.